கராஜுக்குள் பேசிய சுகந்தி

பேயைப் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தானே பேயாக இருந்ததாக ஒப்புக்கொள்கிறவர்கள் குறைவு. நான் ஒப்புக்கொள்கிறேன். ஆக்லாந்தில், மவுண்ட் ரோஸ்கில்லில், ஒரு வாடகை வீட்டு கராஜுக்குள் மூன்று புதன்கிழமைகள் நான் பேயாக இருந்திருக்கிறேன். நள்ளிரவில்கூட இல்லை, பட்டப்பகலில், மதிய உணவு இடைவேளையில். செத்துப்போன யாருடைய பேயாகவும் இல்லை. அதே நேரத்தில் ஒடாஹுஹுவில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உயிரோடு வேலை பார்த்துக்கொண்டிருந்த என் சொந்த மனைவியின் பேயாக. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வருமான வரி.

எனக்கு ஊர் ஈரோடு. எங்கள் வீட்டில் ஒரே ரேஷன் கார்டு, அதில் குடும்பத் தலைவர் என்று அப்பாவின் பெயர். அம்மாவின் வங்கி வேலை, கேஸ் சிலிண்டர், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றுக்கும் அப்பாதான் வாய். அம்மா கையெழுத்துப் போடுவார், அதுவும் அப்பா விரல் வைத்துக் காட்டிய இடத்தில். குடும்பம் என்றால் ஒரு கார்டு, ஒரு தலைவர், ஒரு வாய் என்றே நான் வளர்ந்தேன். நியூசிலாந்துக்கு வந்து, பென்ரோஸில் ஒரு கிடங்கு நிறுவனத்தில் சரக்குக் கணக்குப் பார்க்கும் வேலையில் சேர்ந்து, யாழ்ப்பாணத்துக்காரி சுகந்தியைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட பிறகும் அந்த ரேஷன் கார்டு என் மண்டைக்குள் பத்திரமாக இருந்தது.

அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் அதைத் தூசி தட்டி வெளியே எடுத்தான். அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே வரிக் கணக்காகத் தாக்கல் செய்யலாம், தனித்தனியாகவும் செய்யலாம். "ஜாயின்ட்டா போட்டுருடா, அதுதான் லாபம்" என்றான் போனில். அவ்வளவுதான். எனக்கு ஒரு பைத்தியமே பிடித்துக்கொண்டது. சேர்ந்து போடுவதா, தனியாகப் போடுவதா என்று பல வாரங்கள் எக்செல்லில் கூட்டிக் கழித்தேன். ஒரு பிறந்தநாள் விருந்தில் பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று குடும்பங்களுக்கு இலவச ஆலோசனை வழங்கினேன் (அவர்கள் கேட்கவில்லை). கடைசியில்தான் தெரிந்தது, இந்த நாட்டில் அப்படி ஒரு தேர்வே கிடையாது. இங்கே கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் ஆளுக்கு ஒரு வரி எண், ஆளுக்கு ஒரு கணக்கு. சேர்ந்து போடுவது என்ற பேச்சே இல்லை.

சுகந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கோ அவமானம். புருஷன் பெண்டாட்டியைப் பிரித்து வைக்கிற அரசாங்கம் என்று திட்டினேன். சட்டம் பிரித்தால் என்ன, நான் சேர்த்துக்காட்டுகிறேன் என்று மனதுக்குள் சபதம் போட்டேன். அப்போது வாயை மூடிக்கொண்டு என் வேலையைப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

சுகந்திக்கு இரண்டு வேலை. வார நாட்களில் ஒடாஹுஹுவில், சனிக்கிழமைகளில் வேறொரு பரிசோதனைக் கூடத்தில். அந்த இரண்டாவது வேலையில் வரியைத் தப்பாகப் பிடிக்கிறார்கள் என்பது என் கண்டுபிடிப்பு. போன் செய்து சரிசெய் என்றேன். "நான் பார்க்கிறன்" என்றாள். ஒரு வாரம் ஆயிற்று. மறுபடி கேட்டேன். "பார்க்கிறன் எண்டனானெல்லே" என்றாள். நான் பொறுத்துக்கொள்கிற ஜாதி இல்லை. புதன்கிழமைகளில் எனக்கு வீட்டிலிருந்தே வேலை. அவளுடைய வரி எண், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாம் என் எக்செல்லில் பச்சை நிறக் கட்டங்களில் இருந்தன. இல்லாதது ஒன்றே ஒன்றுதான், அவளுடைய குரல்.

அதுவும் என்னிடம் இருந்தது என்பதுதான் விதி. கல்லூரி விடுதியில் நான் பெண் குரலில் பேசுவதற்குப் பேர்போனவன். வார்டனுக்குப் போன் போட்டு எத்தனையோ பையன்களுக்கு லீவு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அந்த நான்கு வருடத்தில் ஏறக்குறைய முப்பது பேருக்கு நான் அம்மாவாக இருந்திருக்கிறேன், இரண்டு பேருக்குப் பாசமுள்ள அத்தையாகவும்.

முதல் புதன்கிழமை. மழை பெய்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது என்பதால் கராஜுக்குப் போய்க் கதவை இறக்கிவிட்டுக்கொண்டேன். பழைய மரக் கராஜ், பகலிலேயே உள்ளே அந்தி மாதிரி இருக்கும். வரி அலுவலகத்தின் எண்ணை அழுத்தினேன். மனிதர் எடுப்பார் என்று நினைத்தால் இயந்திரம் எடுத்தது. மிருதுவான குரலில், இனிமேல் உங்கள் குரலை வைத்தே உங்களை அடையாளம் கண்டுகொள்வோம், அதற்கு நான் சொல்கிற வாக்கியத்தை மூன்று முறை சொல்லுங்கள் என்றது. நான் நான்தான் என்பதற்கு என் குரலே சாட்சி என்கிற அர்த்தத்தில் ஓர் ஆங்கில வாக்கியம்.

வைத்துவிட்டு ஓடியிருக்க வேண்டும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, சுகந்தியை மனதில் கொண்டுவந்தேன். அவள் ஆங்கிலம் பேசும்போது வாக்கியத்தின் கடைசியில் குரல் சற்று இறங்கும், யாருக்கோ சமாதானம் சொல்கிற மாதிரி. அந்த இறக்கத்தைப் பிடித்தேன். மூன்று முறை சொன்னேன். இயந்திரம் ஒரு பீப் ஒலி கொடுத்தது. பிறகு, "நன்றி சுகந்தி, இனி உங்களை எங்களுக்குத் தெரியும்" என்று ஆங்கிலத்தில் சொன்னது. எனக்கு உடம்பெல்லாம் பெருமை. (வெட்கம் வந்திருக்க வேண்டிய இடத்தில் எனக்குப் பெருமைதான் வரும்.) பிறகு பேசிய பெண் அதிகாரி என் வேண்டுகோளைக் குறித்துக்கொண்டு அடுத்த வாரம் தன்னையே கேட்டுக் கூப்பிடச் சொன்னார்.

இரண்டாவது புதன்கிழமைதான் முதல் தடவையாக எனக்குச் சில்லென்றது. அன்று அவள் விஷயத்துக்குப் போகும் முன், என் சொந்தக் கணக்கில் ஒரு சின்னச் சந்தேகம் கேட்கலாம் என்று என் குரலிலேயே, இந்த ஈரோட்டுக் கட்டைக் குரலிலேயே, பேசினேன். இயந்திரம் ஒரு கணம் யோசித்தது. "வணக்கம் சுகந்தி" என்றது.

இல்லை என்றேன். நான் அவள் கணவன் என்றேன். மறுபடி அதே மிருதுவான குரலில், "உங்களை அடையாளம் கண்டுகொண்டோம், சுகந்தி" என்றது. கராஜின் தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. நான் வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினேன், அடித்தொண்டையில் பேசினேன். ஒவ்வொரு தடவையும் அது என்னை அவள் பெயர் சொல்லி வரவேற்றது. என் வேஷத்துக்கு அடியில் இருக்கிற ஏதோ ஒன்றை அது பிடித்துவைத்துக்கொண்டு, அதற்குச் சுகந்தி என்று பெயர் வைத்துவிட்டது. அப்படியானால் என் பெயருக்கு இப்போது யார் இருக்கிறார்கள் என்று நினைத்தபோது கழுத்துக்குப் பின்னால் மயிர் கூச்செறிந்தது. இருந்தாலும் வந்த வேலையை விடுவேனா? சுகந்தியாகவே பேசி அவள் விவகாரத்தை முன்னால் நகர்த்திவிட்டுத்தான் கராஜைவிட்டு வெளியே வந்தேன். மூன்றாவது புதனும் அப்படியே போயிற்று.

இதற்கிடையில் வீட்டில் ஒரு பெரிய விஷயம் நடந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில், கோப்பாயில் தனியாக இருந்த சுகந்தியின் அம்மாவை நிரந்தரமாக இங்கே கூட்டிவர வெகுநாளாகக் காத்திருந்தோம். விண்ணப்பிக்கலாம் என்று அழைப்பு வந்துவிட்டது. ஸ்பான்சர் செய்கிறவரின் வருமானத்துக்கு வரி அலுவலகத்தின் அத்தாட்சி வேண்டும். கெடு இன்னும் மூன்று வாரம். ரெண்டு பேரும் சேர்ந்து ஜாயின்ட்டா ஸ்பான்சர் செய்வோம் என்று நான் குதித்தேன். அவள் தேநீரை ஆற்றிக்கொண்டே, "என்ர சம்பளமே காணும். என்ர அம்மா. நான் தனியச் செய்யிறன்" என்றாள். (காணும் என்றால் அவள் பேச்சில் போதும்.) அத்தாட்சி கேட்டு அவளே வரி அலுவலகத்தைக் கூப்பிட்டாள், வேலை இடத்திலிருந்து.

அன்று மாலை ஐந்து மணி. குளிர்காலம் என்பதால் வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. நான் புட்டுக்கு வாழைப்பழம் பிசைந்துகொண்டிருந்தேன். சுகந்தி கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து எதிரில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நான் சுகந்தி இல்லையாம்" என்றாள்.

என் கை வாழைப்பழத்திலேயே நின்றுவிட்டது.

இயந்திரம் அவள் குரலைக் கேட்டுவிட்டு, பொருந்தவில்லை என்று சொல்லி அவள் விவகாரத்தைப் பார்க்கிற அதிகாரியிடமே அனுப்பியிருக்கிறது. இவள் தன் பெயரைச் சொன்னதும் அந்தப் பெண் அதை மறுபடி சொல்லச் சொன்னாராம். பிறகு மரியாதையாக, நான் சுகந்தியோடு மூன்று முறை பேசியிருக்கிறேன், நீங்கள் அவர் இல்லை என்றாராம். அவள் கணக்கை உடனே பூட்டிவிட்டார்கள். விசாரித்து முடிக்கும்வரை யாருக்கும் எந்தக் காகிதமும் கிடையாது.

"ஆரோ ஒருத்தி நானெண்டு சொல்லிக் கதைச்சிருக்கிறாள்" என்றாள். "என்ர பிறந்த திகதி, பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் சரியாச் சொன்னவளாம். நான் கதைக்கிற மாதிரியே கதைக்கிறவளாம்."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். எவனானாலும் சொல்லியிருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்தக் காலத்துல திருட்டு ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சு" என்றேன். சொல்லிவிட்டுப் புட்டை வாயில் வைத்தேன்.

மறுநாள் நிலைமை இன்னும் மோசமாயிற்று. பக்கத்து வீட்டு டோங்கா நாட்டு அம்மா துணி எடுக்க வந்தவர், வேலியோரமாக நின்று சுகந்தியிடம் கேட்டிருக்கிறார், புதன்கிழமைகளில் உனக்கு லீவா, கராஜுக்குள் நீ பேசிக்கொண்டிருக்கிறாயே என்று. நான் இல்லையே, வேலைக்குப் போயிருந்தேன் என்று இவள் சொன்னாளாம். அவர் சிரித்துவிட்டு, உன் குரல் எனக்குத் தெரியாதா, உன் பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாய் என்றாராம். பிறகு அவர் முகத்திலும் சிரிப்பு நின்றுவிட்டதாம்.

சுகந்தி பயந்தாங்கொள்ளி இல்லை. நாள் முழுக்க ரத்தக் குழாய்களோடு இருக்கிறவள். அவள் அன்று கராஜ் கதவருகே கற்பூரம் கொளுத்தினாள். கராஜுக்குள் போய் ஆள் இருக்கிறதா பார்க்கச் சொல்லி என்னை அனுப்பினாள். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போய், பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால், பழைய மெத்தைக்குப் பின்னால், என்னைத் தேடினேன். வெளியே வந்து, யாரும் இல்லை என்று அறிக்கை கொடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் இருக்கிறதாலதான் தைரியம் என்றாள். என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமாக நான் உணர்ந்ததில்லை.

அப்போதும் சொல்லவில்லை. அம்மாவின் விஷயம்தான் என் வாயைத் திறந்தது. இரண்டு நாள் கழித்து அவள் சமையலறையில் நின்று ஜன்னலைப் பார்த்தபடி, இனி அம்மாவுக்கு என்ன சொல்லுறது என்று தனக்குத்தானே கேட்டாள். அம்மா அங்கே வீட்டைக் காலி செய்யத் தொடங்கியிருந்தார். பசுமாட்டைக்கூட விற்றுவிட்டார். இந்தக் கெடு போனால் மறுபடி எப்போது அழைப்பு வரும் என்று யாருக்கும் தெரியாது. கராஜில் கேமரா வைக்க ஆள் புதன்கிழமை வருவதாகவும் சொன்னாள்.

"சுகந்தி, அது நான்தான்" என்றேன்.

"எது?"

"அந்தப் பொம்பளை."

முழுவதையும் சொன்னேன். அண்ணன், எக்செல், வார்டன், மூன்று புதன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. நம்பவில்லை என்பதுதான் உண்மை. இந்தக் குரலை வைத்துக்கொண்டா என்றாள். சரி, கதைத்துக் காட்டுங்கோ என்றாள். என்னால் முடியவில்லை. அவள் எதிரில் நின்று அவளாகப் பேச நாக்கு எழவில்லை. அந்த நேரம் பார்த்து மேசையில் இருந்த அவள் போன் அதிர்ந்தது. கோப்பாயிலிருந்து அம்மா. வழக்கமாக அழைக்கும் நேரம், அங்கே காலை பத்தரை.

சுகந்தி ஸ்பீக்கரைப் போட்டு, போனை என் பக்கம் தள்ளினாள். "பெத்த தாயோட கதையுங்கோ. பாப்பம்" என்றாள் தணிந்த குரலில்.

வேறு வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். "அம்மா" என்றேன்.

"ஓம் பிள்ளை" என்றார் அம்மா.

கண்ணைத் திறந்தேன். சுகந்தி தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் அவள் குரல் கேட்கிறது, ஆனால் அவள் வாய் மூடியிருக்கிறது. விளையாட்டுக் காட்டப்போய் நானே பயந்துவிட்டேன். நிறுத்தலாம் என்றால் அவள் நிறுத்தச் சொல்லவில்லை, அசையக்கூட இல்லை.

"என்ன பிள்ளை, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு? தடிமனோ?" என்றார் அம்மா. (ஜலதோஷத்துக்கு அவர்கள் ஊரில் அதுதான் பெயர்.)

"ஓம் அம்மா. கொஞ்சம்."

"கொத்தமல்லி அவிச்சுக் குடி. காகித அலுவல் எந்த மட்டில நிக்குது?"

"நடக்குது அம்மா."

கொஞ்ச நேரம் மறுமுனையில் கோழிச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அவர் நிதானமாகச் சொன்னார். "மருமகன் நல்ல பிள்ளைதான். அதில குறை சொல்லேலாது. ஆனா எல்லாரின்ர அலுவலையும் தன்ர தலையில தூக்கி வச்சுக்கொண்டு நிக்கிறார். உன்ர அலுவலை நீ பார் பிள்ளை. அவருக்கு அது பழகிப்போம். விளங்குதோ?"

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் சுகந்தியைப் பார்த்தேன். பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

"விளங்குது அம்மா" என்றேன், அவள் குரலில்.

போனை வைத்த பிறகு அவள் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு தனியாக நடக்கப் போய்விட்டாள். மழைத்தூறலில் ஒரு மணி நேரம். நான் அவள் குரல் போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள, தனியாக இருந்த சமையலறையில் என் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். என் குரல்தான் வந்தது. இருந்தும் நம்பிக்கை வரவில்லை.

மறுநாள் இருவரும் பாஸ்போர்ட்டுகளோடு வரி அலுவலகத்துக்கு நேரில் போனோம். நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னபோது அது தமிழில் இருந்ததைவிட இன்னும் அசிங்கமாக இருந்தது. பெரிய உருவம், சாந்தமான முகம் கொண்ட அந்த அதிகாரி ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் தட்டச்சு செய்து முடித்துவிட்டு நிமிர்ந்து, சரி, இங்கே யார் சுகந்தி என்று கேட்டார். என் கை பாதிவரை எழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பாதிவரை எழுந்துவிட்டது. சுகந்தி அதைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, தன் கையைத் தூக்கினாள்.

எனக்கு ஒழுங்கான ஓர் எச்சரிக்கை கிடைத்தது. அதை இங்கே விவரிக்க மாட்டேன். மூன்று முறை பதிந்த என் குரலை அழித்தார்கள். சுகந்தி அங்கேயே போனை வாங்கி அந்த வாக்கியத்தைச் சொன்னாள். மூன்றாவது முறை வாக்கியத்தின் கடைசியில் அவள் குரல் இறங்கியபோது, அது எவ்வளவு அவளுடையது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. கிளம்பும்போது அதிகாரி கேட்டார், உங்கள் சார்பில் கணவர் பேசலாம் என்று முறைப்படி அனுமதி எழுதிக் கொடுக்கவும் வழி இருக்கிறது, எழுதிக்கொள்ளட்டுமா? அந்த வழி முதலிலிருந்தே இருந்திருக்கிறது, நான்தான் விசாரிக்கவில்லை. "நோ, தேங்க்யூ" என்றாள் சுகந்தி. கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டாள்.

இரண்டாவது வேலையில் பிடித்த வரியையும் அவளே கேட்டுப் பார்த்தாள். அது முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்ததாம்.

அத்தாட்சி கெடுவுக்கு நான்கு நாள் முன்னால் கைக்கு வந்தது. அவள் தனியாகவே ஸ்பான்சர் செய்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு கோப்பு, ஆளுக்கு ஒரு கடவுச்சொல். அவள் தன் கணக்கைப் பார்க்கும் நாளில் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்கும்போதெல்லாம் என் வாய் மூடித்தான் இருக்கிறதா என்று இன்றைக்கும் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். என் குரலை எந்த இயந்திரத்திடமும் கொடுப்பதில்லை. நம்பரை அழுத்திவிட்டு, மனிதர் வரும்வரை மூச்சுக்கூட மெதுவாகத்தான் விடுகிறேன்.

அடுத்த வருடக் குளிர்காலத்தில் அம்மா வந்து இறங்கினார். அந்தப் போன் விவகாரத்தை அவரிடம் சொல்வதில்லை என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருந்தோம். பெற்ற மகளின் குரலை அடையாளம் தெரியாமல் போயிற்றே என்று கிழவி நொந்துபோவார் என்பது சுகந்தியின் கவலை. விமான நிலையத்தில் மகளைக் கட்டிப்பிடித்து அழுது முடித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். என் தோளில் கை வைத்து, என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"தம்பி, தடிமன் மாறிட்டுதோ?" என்றார்.

நான் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுகந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா ஒன்றுமே நடக்காதது மாதிரி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

இப்போது நான் யாருடைய காகிதத்தையாவது எட்டிப் பார்த்தால், யாருக்காவது முந்திக்கொண்டு பதில் சொல்ல வாயைத் திறந்தால், வீட்டில் யாரும் என்னைத் திட்டுவதில்லை. சமையலறையிலிருந்து அம்மா மெதுவாகக் கேட்பார், கொத்தமல்லி அவிக்கட்டோ என்று. நான் வாயை மூடிக்கொள்கிறேன்.